பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் புக் எப்படி இருக்கு? கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து ஒரு டீச்சரோட ரிவ்யூ

மிக்ஸி வாங்கினா ரிவ்யூ போடறோம், பிரியாணி நல்லா இல்லன்னா ஒரு ஸ்டார் குத்திட்டு வரோம், ஆனா வருஷத்துக்கு கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் பசங்க கையில இருக்கற ஸ்டேட் போர்டு பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் புக்குக்கு ஒருத்தரும் உக்காந்து ரிவ்யூ எழுதி நான் பாத்ததில்ல. யூட்யூப்ல தேடினா "செண்டம் வாங்குவது எப்படி" தான் வரிசையா வருது. சரி நாமளே எழுதுவோம்னு ஆரம்பிச்சிட்டேன். ராயக்கோட்டை பக்கம் ஒரு அரசு பள்ளியில இங்கிலீஷ் பி.டி. அசிஸ்டென்ட், அதாவது பட்டதாரி ஆசிரியை நான், 2019ல இந்த புக் வந்ததுல இருந்து இத தான் நடத்தறேன், அதுக்கு முன்னாடி இருந்த பழைய புக்கும் நடத்தியிருக்கேன். பேரு, ஸ்கூல் பேரு எல்லாம் வேண்டாம், எங்க ஹெச்.எம். ஃபேஸ்புக்ல நல்லா ஆக்டிவ்.

ரேட்டிங் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணரை. கதைங்களுக்கு மட்டும்னு கேட்டா நாலரை குடுப்பேன். அந்த ஒரு மார்க் எங்க காணாம போச்சுன்னு கீழ வரும், கொஞ்சம் நீளமா தான் போகும், பொறுமை இருக்கறவங்க படிங்க.

மேலோட்டமான விஷயம் சீக்கிரம் முடிச்சிடலாம். அரசு பள்ளி, உதவி பெறும் பள்ளி பசங்களுக்கு புக் இலவசம், பிரைவேட் ஸ்கூல்ல காசு. பி.டி.எஃப். ஃப்ரீயா கிடைக்குது, யார் வேணா இறக்கிக்கலாம். பேப்பர் பரவால்ல, கலர் படம் நிறைய, பைண்டிங் மட்டும் அரையாண்டு தாண்டினா பல்ல காட்டிடும், பசங்க கோணி ஊசி போட்டு தச்சு வெச்சிருப்பாங்க. பக்கத்துக்கு பக்கம் க்யூ.ஆர். கோட் இருக்கு, ஸ்கேன் பண்ணா வீடியோ வரும்ங்கறாங்க, அஞ்செட்டி மாதிரி மலைப்பக்கம் வேலை பாக்கற டீச்சர்ங்க கிட்ட கேட்டா முதல்ல டவர் வரட்டும்னு சிரிப்பாங்க. மொத்தம் ஏழு யூனிட், ஒவ்வொண்ணுலயும் ஒரு புரோஸ், ஒரு போயம், ஒரு சப்ளிமென்டரி (துணைப்பாடக் கதை), அவ்ளோதான் அமைப்பு.

இப்ப உள்ள இருக்கற சரக்குக்கு வருவோம். இந்த புக்குக்கு கதை தேடினவங்க யாரோ தெரியல, அவங்களுக்கு ஒரு கும்பிடு. முதல் பாடமே லியாம் ஓஃப்ளாஹெர்ட்டி எழுதின சீகல் குஞ்சு கதை. எல்லாம் பறந்து போயிடுச்சு, இது மட்டும் பாறை விளிம்புல தனியா நிக்குது, பயம், பசி வேற. அம்மா பறவை மீன் துண்ட வாயில கவ்விட்டு கிட்டக்க வந்து, எட்டற மாதிரி வந்து, அப்படியே நின்னுடும், குடுக்காது. பசி தாங்காம இது பாயும், விழும், விழும்போது ரெக்கை விரியும். எங்க பசங்க பாதி பேர் கடலே பாத்ததில்ல, சீகல்ன்னா என்னன்னு படத்துல தான் தெரியும், ஆனா அந்த அம்மா பண்ணற வேலை புரியாத பிள்ளை ஒண்ணு கூட இல்ல. ஒரு பொண்ணு எந்திரிச்சு "மிஸ், எங்கம்மா சைக்கிள் கத்துக் குடுத்தப்ப இப்படி தான், புடிச்சிருக்கேன் புடிச்சிருக்கேன்னு சொல்லிட்டு விட்ருச்சு"ன்னுச்சு, அதுக்கப்புறம் நான் விளக்கவே வேண்டியதில்ல. மூணு பீரியட்ல முடிஞ்சது, அடுத்த பீரியட்ல அவங்களே அவங்க பயத்த பத்தி நாலு வரி இங்கிலீஷ்ல எழுதினாங்க, ஸ்பெல்லிங் எல்லாம் அங்கங்க உதையும், ஆனா சொந்த வரி.

ரெண்டாவது பாடம் ஜேம்ஸ் தர்பரோட பேய் கதை, இது கொஞ்சம் வில்லங்கம். 1915 நவம்பர் 17 ராத்திரி வீட்டுக்குள்ள காலடி சத்தம் கேக்குது, பையன் பேயின்னு நினைக்கறான், அம்மா திருடன்னு நினைக்கறாங்க, போன் கீழ இருக்கறதால பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி மேல செருப்ப விட்டெறிஞ்சு அந்தாள எழுப்பி போலீசுக்கு சொல்லச் சொல்றாங்க. இது வரைக்கும் கிளாஸே உருளும், ஏன்னா அந்தம்மா இன்னொரு செருப்பையும் எறியலாமான்னு யோசிக்கற இடம் எந்த ஊர் பிள்ளைக்கும் சிரிப்பு வரும். ஆனா அடுத்து தாத்தா வராரு, போலீஸ்காரங்கள பாத்து மீட் ஜெனரலோட படையில இருந்து ஓடி வந்தவங்கன்னு நினைச்சு சுடறாரு. அங்க காமெடியே அமெரிக்க உள்நாட்டு போர்ல இருக்கு, 1861ல இருந்து 65 வரைக்கும் நடந்த சண்டை, தாத்தா மனசுல அது இன்னும் முடியல. இத நான் போர்டுல மேப் போட்டு வருஷம் போட்டு சொல்லி முடிக்கறதுக்குள்ள சிரிப்பு ஆறிப் போயிடும். ஒரு ஜோக்க விளக்கறது எவ்ளோ பெரிய பாவம்னு இந்த பாடம் நடத்தற ஒவ்வொரு டீச்சருக்கும் தெரியும். அந்த விவரத்த பாடத்துக்கு முன்னாடியே ஒரு கட்டத்துக்குள்ள நாலு வரியா போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

மூணாவது யூனிட்ல தாரிணி பாய்மரக்கப்பல் பாடம், இது கதை இல்ல, நிஜம். நேவியில ஆறு பெண் அதிகாரிங்க, வர்திகா ஜோஷி கேப்டன், 2017 செப்டம்பர் 10ல கோவால கிளம்பி உலகத்த சுத்திட்டு 2018 மே 21ல திரும்பி வந்தாங்க, 254 நாள், 21,600 நாட்டிக்கல் மைல். கப்பல் நீளம் வெறும் 55 அடி. அந்த 55 அடிய கிளாஸ்ல சொன்னா மண்டையில ஏறாது, நான் வெளிய கூட்டிட்டு போய் மைதானத்துல சுண்ணாம்புல கோடு போட்டு, ஆறு பொண்ணுங்கள உள்ள நிக்க வெச்சு, இதுக்குள்ள தான் எட்டு மாசத்துக்கு மேல சமையல் தூக்கம் எல்லாம்னு சொன்னேன். ஒருத்தி கேட்டா பாருங்க, "மிஸ், சண்டை போட்டுக்கிட்டா எங்க போவாங்க?" இந்த கேள்வி புக்ல எங்கயும் இல்ல. நம்ம பிள்ளைங்களுக்கு தெரிஞ்ச கப்பல் ஒகேனக்கல் பரிசல் தான், அதுல போனவங்கள பேச வெச்சேன், சுழல்ல பரிசல் திரும்பறது, தண்ணி தெறிக்கறது, பரிசல்காரர் துடுப்ப எப்படி போடறாருன்னு, அதெல்லாம் தமிழ்ல சொல்ல வெச்சு ஒவ்வொண்ணா இங்கிலீஷ்ல கொண்டு வந்தோம். நாட்டிக்கல் வார்த்தைங்க பாதி அப்படியே உள்ள போயிடுச்சு.

சத்யஜித் ரே கதை ஒண்ணு இருக்கு, படிக்கற காலத்துல கூடப் படிச்சவனோட மெடல ஏமாத்தி வாங்கி ஒளிச்சு வெச்சவன் வருஷக்கணக்கு கழிச்சு சொந்த ஊருக்கு வந்து டீக்கடையில அவன பாக்கற கதை. இத பத்தி நிறைய சொல்ல மாட்டேன், கெட்டுப்போயிடும், பி.டி.எஃப். இறக்கி நீங்களே படிங்க. பெரியவங்களுக்கு தான் இன்னும் நல்லா உறைக்கும்.

ஜூல்ஸ் வெர்ன் பேர்ல வந்திருக்கற 2889ம் வருஷத்து கதை சப்ளிமென்டரில இருக்கு. 1889ல அமெரிக்க பத்திரிகையில வந்தது, அவரு மகன் மிஷேல் தான் பெரும்பாலும் எழுதினாருன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க, அது புக்ல இல்ல. அதுல பேப்பர அச்சடிக்க மாட்டாங்க, சந்தாதாரருக்கு பேசி தான் நியூஸ் போகும், பொண்டாட்டி பாரிஸ்ல இருப்பாங்க, புருஷன் மெஷின்ல முகம் பாத்து பேசுவாரு. எங்க பசங்க "மிஸ் இது வாட்ஸப் வீடியோ கால், இதுக்கு எதுக்கு 2889 வரைக்கும் போகணும்"னு கேட்டாங்க. சரியான கேள்வி. அத வெச்சே 2889ல ராயக்கோட்டை தக்காளி மண்டி எப்படி இருக்கும்னு எழுதச் சொன்னேன், தக்காளியே விலை பேசிக்கும்னு ஒருத்தன் எழுதினான், அந்த பேப்பர் இன்னும் என் டிராயர்ல இருக்கு.

ஹாலந்து அணையில ஓட்டைய விரல் வெச்சு அடைச்ச பையன் கதை இன்னொண்ணு. இத சும்மா நீதிக்கதை மாதிரி நடத்தினா தூக்கம் வரும், நம்ம ஊர்ல அப்படி நடத்த வேண்டியதே இல்ல. 2017 நவம்பர் கடைசியில நம்ம கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல ஒரு ஷட்டர் உடைஞ்சு தண்ணி வெளிய போச்சு, காவேரிப்பட்டணம் தாண்டி தென்பெண்ணை கரையோரம் எல்லாம் எச்சரிக்கை குடுத்தாங்க, அன்னிக்கு ராத்திரி பத்தி எல்லா வீட்லயும் ஒரு கதை இருக்கு. அத வீட்ல கேட்டுட்டு வாங்கடான்னு சொல்லி, கேட்டத கிளாஸ்ல சொல்ல வெச்சு, அப்புறம் பாடத்த எடுத்தா பசங்களே சண்டைக்கு வராங்க, "டேம் தண்ணிய விரல் எப்படி மிஸ் நிறுத்தும், மண் கரைஞ்சு ஓட்டை பெருசாகாதா?"ன்னு. நியாயம் தானே. மண் கரையில கசிவு ஆரம்பிச்சா உள்ள இருந்து அரிச்சுக்கிட்டே போகும், விரல் எல்லாம் செல்லாது. அந்த கதைய பிரபலமாக்கின மேரி மேப்ஸ் டாட்ஜ் அமெரிக்காக்காரங்க, 1865ல புக்கு எழுதும்போது ஹாலந்த நேர்ல பாத்ததே இல்ல. இத சொன்னப்ப பசங்களுக்கு ஒரே குஷி, எழுதறவங்களும் டூப் விடுவாங்கன்னு.

சரி இப்ப இந்த புக்லயே நான் அதிகம் நேரம் எடுத்துக்கற பாடம். அல்போன்ஸ் தோதே எழுதின கடைசி வகுப்பு கதை. 1870, 71ல பிரான்சும் பிரஷ்யாவும் சண்டை போட்டு, பிரான்ஸ் தோத்து, அதோட கிழக்கு எல்லையில இருந்த அல்சேஸும் லொரேனோட ஒரு பகுதியும் ஜெர்மனி கைக்கு போயிடுச்சு. இனிமே பள்ளிக்கூடத்துல ஜெர்மன் மட்டும் தான்னு பெர்லின்ல இருந்து ஆர்டர் வருது, பிரெஞ்சு வாத்தியாருக்கு அன்னிக்கு தான் கடைசி நாள், ஒழுங்கா படிக்காத ஃப்ரான்ட்ஸ்ங்கற பையன் அழுகற மாதிரி உக்காந்திருக்கான், ஊர் பெரியவங்க எல்லாம் பின் பெஞ்சுல வந்து உக்காந்திருக்காங்க. கல்லு மனசும் கரையும். தமிழ்நாட்டுல இந்த கதைய யாருக்கும் விளக்கத் தேவையில்ல, மொழிக்கு உசுர குடுத்த ஊரு. பெரும்பாலான டீச்சர்ங்க இத தாய்மொழிப்பற்றுன்னு ஒரே வரியில நடத்தி முடிச்சிடுவாங்க, கைடுலயும் அதே வரி தான்.

ஆனா எங்க கிளாஸ்ல அது முடியாது. எங்க மாவட்டத்த தெரிஞ்சவங்களுக்கு தெரியும், ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் எல்லாம் வீட்ல தெலுங்கு, கன்னடம், டவுன்ல நிறைய வீட்ல உருது. என் கிளாஸ்ல ஒரே பெஞ்சுல மூணு வீட்டு மொழி உக்காந்திருக்கும், இன்டர்வெல்ல எல்லாத்தையும் கலந்து ஒரு பாஷை பேசுவாங்க, அது தனி ரகம். ஒரு வருஷம் இந்த கதை முடிச்சதும் தளி பக்கத்துல இருந்து வந்து பாட்டி வீட்ல தங்கி படிச்ச பையன் கேட்டான், "மிஸ், அந்த ஃப்ரான்ட்ஸ் வீட்ல என்ன பாஷை பேசுவான்?" அவ்ளோதான் கேட்டான்.

அந்த கேள்வி தான் இந்த கதையோட கழுத்துலயே பிடிக்கற கேள்வி. ஏன்னா அல்சேஸ்ல அப்ப பெரும்பாலான ஜனங்க வீட்ல பேசினது பிரெஞ்சே இல்ல, ஜெர்மன் குடும்பத்து பேச்சு மொழி, அல்சேஷியன்னு சொல்வாங்க. பிரெஞ்சு அவங்களுக்கு பள்ளிக்கூடத்து பாஷை, ஆபீஸ் பாஷை. அப்ப கதையில வாத்தியாரு நம்ம மொழி நம்ம மொழின்னு உருகறப்ப அந்த பையனோட வீட்டு மொழி அந்த கிளாஸ் ரூமுக்குள்ளயே இல்ல, பிரெஞ்சு போய் ஜெர்மன் வந்தாலும் அது வாசலுக்கு வெளிய தான் நிக்கும். தோதே இத பத்தி மூச்சு விடல, அவரு தோத்துப்போன பிரான்சுக்காக எழுதினாரு, அது அவர் நியாயம். நம்ம புக்கும் மூச்சு விடல. ஒரே ஒரு குறிப்பு போட்டிருக்கலாம், ஏன்னா இந்த மாவட்டத்துல, நீலகிரியில, கன்னியாகுமரி பார்டர்ல படிக்கற பிள்ளைங்களுக்கு இது சொந்தக் கதை. அன்னிக்கு நான் பாடத்த தள்ளி வெச்சிட்டு, அவங்கவங்க பாட்டி திட்டற ஒரு வசவ, இல்ல கொஞ்சற ஒரு வார்த்தைய, வீட்டு மொழியில சொல்லச் சொன்னேன், கெட்ட வார்த்தை கூடாதுங்கற கண்டிஷன்ல. அப்புறம் அது எப்ப சொல்லுவாங்க, யார சொல்லுவாங்கன்னு இங்கிலீஷ்ல விளக்கணும். வருஷம் பூரா வாயே திறக்காத பிள்ளைங்க அன்னிக்கு பேசினாங்க. இலக்கியம் நடத்தறதுன்னா என்னமோன்னு பி.எட்.ல பக்கம் பக்கமா எழுதினோம், எனக்கு தெரிஞ்ச வரைக்கும் இந்த மாதிரி ஒரு கேள்வி ஒரு பையன் வாயில இருந்து வரவரைக்கும் பாடத்த இழுத்து பிடிச்சு வெச்சிருக்கறது தான் வேலையே.

போயம் பக்கம் எனக்கு அவ்ளோ இஷ்டம் இல்ல. கிப்ளிங் மெஷின் பாட்டு நல்ல தாளம், சத்தமா படிச்சா கிளாஸே தட்டும், ஜேம்ஸ் கிர்க்கப் பாட்டு தோதே கதை கூட அதே யூனிட்ல வெச்சது புத்திசாலித்தனம். மத்ததுல ரெண்டு மூணு, வாழ்த்து அட்டையில அச்சடிக்கற ரகம். அதுலயும் பரீட்சைக்கு கேக்கறது ரைமிங் வேர்டு என்ன, ரைம் ஸ்கீம் ஏபிஏபியா ஏஏபிபியா, அலிட்டரேஷன் எது. தமிழ் சார் எதுகை மோனை முடிக்கற வாரம் பாத்து நான் இத ஆரம்பிப்பேன், சட்டுனு பிடிச்சுக்கறாங்க, அது வரைக்கும் சரி. ஆனா பாட்ட படிக்காமலே கடைசி வார்த்தைங்கள மட்டும் பாத்து ஏபிஏபி எழுதி மார்க் வாங்கிடலாம், வாங்கறாங்க.

இங்க தான் அந்த காணாம போன மார்க். புக் வேற, பரீட்சை வேற. நூறு மார்க் பேப்பர், பதினாலு ஒரு மார்க், பத்து ரெண்டு மார்க், பத்து அஞ்சு மார்க், ரெண்டு எட்டு மார்க். இதுல 35 எடுத்தா பாஸ். இப்ப நான் சொல்றத கவனிங்க. லெட்டர், நோட்டீஸ், விளம்பரம், படத்த பாத்து அஞ்சு வரி, மெமரி போயம், சப்ளிமென்டரில அஞ்சு வரிய வரிசைப்படுத்தறது, ஹின்ட்ஸ குடுத்து டெவலப் பண்ணச் சொல்றது, பேசேஜ் குடுத்து அதுலயே விடைய காப்பி பண்றது, இதெல்லாம் கூட்டினாலே முப்பத்தஞ்சு தாண்டிடும். ஒரு கதையக்கூட முழுசா படிச்சிருக்க வேண்டாம். 2024 ரிசல்ட்ல ஸ்டேட் முழுக்க இங்கிலீஷ் பாஸ் 99 சதவீதத்துக்கு மேல, தமிழ் 97 கூட வரல. தமிழ விட இங்கிலீஷ்ல அதிகம் பேர் பாஸ்! வெளியூர்க்காரங்க பாத்தா தமிழ்நாட்டுப் பிள்ளைங்க வீட்ல இங்கிலீஷ் தான் பேசறாங்கன்னு நினைச்சுக்குவாங்க. ப்ளஸ் ஒன் வந்து உக்காந்ததும் லீவ் லெட்டர் எழுதச் சொல்லிப் பாருங்க, தெரியும். தமிழ் பேப்பர்ல சொந்தமா எழுதணும், இலக்கணம் இருக்கு, தப்பு தெரியும். இங்கிலீஷ் பேப்பர்ல அச்சு குடுத்து வெச்சிருக்கோம், ஊத்தினா போதும்.

அதனால எது விக்குது? கைடு. கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஜூன் மாசம் எந்த புக் கடைக்கு போனாலும் வாசல்லயே அடுக்கி வெச்சிருப்பாங்க, மூணு நாலு கம்பெனி, எல்லாம் ஒரே மாதிரி, நான் பேர் சொல்லல. இலவசமா வந்த புக் பையில தூங்கும், காசு குடுத்து வாங்கின கைடு கிழியற வரைக்கும் புரளும். கைடுல இருக்கறது கதையோட சுருக்கம், புக் பேக் கேள்விக்கு பதில், ஸ்லோ லேர்னருக்கு அதவிட சுருக்கம். கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு புரியற மாதிரி சொன்னா, மரத்துல பழுத்த மாம்பழத்த விட்டுட்டு ஃபேக்டரி கூழ டின்ல வாங்கி குடிக்கற கதை தான். சீகல் குஞ்சு ஏன் பயந்துச்சுன்னா "பிகாஸ் இட் வாஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்", முடிஞ்சது. ஒரு கைடுல தர்பர் கதைக்கு சுருக்கம் எழுதினவரு செருப்பு சமாச்சாரத்தையே விட்டுட்டாரு, அதுக்கு மார்க் இல்லையாம். ஒரு காமெடி கதைய காமெடி இல்லாம சுருக்கறதுக்கும் ஒரு திறமை வேணும் தான்.

கைடு வாங்கற பெத்தவங்கள நான் குத்தம் சொல்ல மாட்டேன். மாங்கா சீசன்ல கூழ் ஃபேக்டரிக்கு நைட் ஷிஃப்ட் போற அம்மா, ஓசூர் சிப்காட்டுக்கு கம்பெனி பஸ் ஏறற அப்பா, பாடத்த உக்காந்து சொல்லிக்குடுக்க முடியாது, கைடு இருந்தா பிள்ளை தானா படிச்சுக்கும்னு ஒரு நம்பிக்கை. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரைக்கும் ஒரே மாவட்டம், 2011 சென்சஸ்ல படிச்சவங்க விகிதத்துல தர்மபுரி தான் ஸ்டேட்லயே கடைசி, 68 சதவீதம் சொச்சம். அந்த தலைமுறை வீட்ல இருந்து வர்ற பிள்ளைக்கு வீட்ல இங்கிலீஷ் உதவி எங்க கிடைக்கும். ஆனா டீச்சர்ங்க நாமளே ஜூலைல கைடு கொண்டு வரச் சொல்றோம் பாருங்க, அது வேற. ரிசல்ட் மீட்டிங்ல கேள்வி வரும்னு பயம், அந்த பயத்துக்கு புக்க மூடிடறோம். நவம்பர்லயே போர்ஷன் முடிச்சு ரிவிஷன், டெஸ்ட், மறுபடி டெஸ்ட். ஒரு கதைக்கு மூணு பீரியட் எடுத்தா ஸ்டாஃப் ரூம்ல "இன்னும் முதல் யூனிட்லயா மேடம்?"னு ஒரு நக்கல் வரும்.

இதெல்லாம் திட்டிட்டு ஒண்ண பாராட்டணும், இல்லன்னா நியாயம் இல்ல. ரோட் மேப் கேள்வி. மேப் போட்டு இங்க இருந்து அங்க போக வழி சொல்லுன்னு ரெண்டு மார்க், சாய்ஸ் கிடையாது, எல்லாரும் எழுதணும். ஆளுங்க சும்மா ரெண்டு மார்க்குன்னு தள்ளிடறாங்க, ஆனா மொத்த பேப்பர்லயும் வாழ்க்கையில நேரா உதவற கேள்வி அது தான். நான் புக் மேப்ப விட்டுட்டு பஸ் ஸ்டாண்டுல இருந்து கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு வழி, பெங்களூர்ல இருந்து கார்ல வந்து ஹைவேல இறங்கினவங்களுக்கு டேம்முக்கு வழின்னு குடுப்பேன். ஒருத்தர் டிரைவர், ஒருத்தர் வழி கேக்கறவரு, ஒருத்தர் டீக்கடை அண்ணன். அந்த பீரியட்ல கடைசி பெஞ்சு தான் டாப். எங்க பையன் ஒருத்தன் லீவுல ஹைவே தாபால வேலை பாத்தப்ப வடநாட்டு குடும்பத்துக்கு நிஜமாவே வழி சொல்லியிருக்கான், வந்து பெருமையா சொன்னான், அவன் மாடல் எக்ஸாம்ல நாப்பது கூட எடுக்கல.

கிராமர் பத்தி கேப்பீங்க. யூனிட்டுக்கு கொஞ்சம் கொஞ்சமா தூவி வெச்சிருக்காங்க, விளக்கம் கம்மி, பயிற்சி அதவிட கம்மி. ஆறாவதுல இருந்து அடிப்படை விட்டுப்போன பிள்ளைக்கு இது பத்தவே பத்தாது, டீச்சர் தான் சொந்தமா ஷீட் போடணும். பாஸிவ் வாய்ஸ், ரிப்போர்டட் ஸ்பீச் எல்லாம் கதையில இருந்தே வரி எடுத்து பண்ணா கொஞ்சம் ஒட்டுது.

கடைசி யூனிட்ட யாரும் விட்டுடாதீங்க, பெரும்பாலும் நேரம் இல்லன்னு அது தான் பலியாகுது. ஷெர்லாக் ஹோம்ஸ் சாகற மாதிரி நடிக்கற பாடம், நாடகமாவே குடுத்திருக்காங்க, வசனம் பிரிச்சு குடுத்து நடிக்க வெச்சா போதும், ஒரு பெட்ஷீட்டும் ஒரு சின்ன டப்பாவும் தான் செலவு. அதே யூனிட்ல வேர் மிட்செல் கதை, மாமா ஒரு பொட்டி நிறைய மாணிக்கக்கல்லு வெச்சிட்டு போறாரு, ஆனா திறந்தா வெடிக்கும், திறக்கலாமா வேண்டாமான்னு முடிவு சொல்லாமயே கதை முடியுது. எங்க பசங்க கல் குவாரில வெடி வைக்கறவங்கள தெரிஞ்சவங்க, எப்படி திறக்கலாம்னு ஆளாளுக்கு ஐடியா குடுத்தாங்க, தண்ணியில போடலாம், தூரமா நின்னு கயிறு கட்டி இழுக்கலாம், அரசாங்கத்துக்கிட்ட குடுத்துடலாம். எல்லாம் தமிழ்ல ஆரம்பிச்சு இங்கிலீஷுக்கு தாவி மறுபடி தமிழுக்கு வந்துச்சு, நான் தடுக்கல. போர்டுல மட்டும் "இஃப்"ல ஆரம்பிக்கற வரியா எழுதிட்டே வந்தேன், கண்டிஷனல் கிளாஸ் தனியா எடுக்க வேண்டிய வேலை மிச்சம்.

யாருக்கு இந்த புக் நல்லதுன்னா, புதுசா போஸ்டிங் வாங்கி எங்க மாவட்டத்துக்கு வர்ற இங்கிலீஷ் டீச்சர்ங்களுக்கு கண்டிப்பா, முதல்ல கைடு பக்கம் போகாம ஏழு புரோஸும் ஏழு சப்ளிமென்டரியும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து கதை படிக்கற மாதிரி படிச்சிடுங்க. சிபிஎஸ்இ பிள்ளைங்க வெச்சிருக்கற பெத்தவங்களும் லீவுக்கு இறக்கி குடுக்கலாம், செலவே இல்ல. ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸுக்கு ஆயிரக்கணக்குல கட்டறதுக்கு முன்னாடி இதுல இருக்கற ஹோம்ஸ் நாடகத்த வீட்ல ரெண்டு பேர் சத்தமா படிச்சுப் பாருங்க.

கைடு வாங்கியே ஆகணும்னா அரையாண்டு முடிஞ்சதும் வாங்குங்க, அதுவும் போன வருஷம் எழுதின அக்கா அண்ணன்ங்க கிட்ட பழசு கேளுங்க, பாடம் மாறல, சும்மாவே குடுத்துடுவாங்க.